தோட்டப் பாதைக்கு ஊரியும் சிப்பியும்

இலங்கையின் கரையோரத்தை அடுத்து வாழும் கமக்காரருக்கு ஊரி, மட்டி, சிப்பி, சோகி என்பன புதியன அல்ல. கடலும் களப்பும் ஒதுக்கும் இவ்வோடுகளைச் சூளையிலிட்டுச் சுட்டு, வெற்றிலைக்கும் சுவருக்கும் சுண்ணாம்பாகப் பயன்படுத்தும் வழக்கம் நெடுங்காலமாக நம்மவரிடையே இருந்து வந்துள்ளது. நெடுந்தீவில் பவளக்கற்களை அடுக்கி வளவுகளுக்கு வேலி அமைத்திருப்பதை இன்றும் காணலாம். ஆகவே, தோட்டத்திலும் இவ்வோடுகளைப் பயன்படுத்தலாமா என்னும் வினா எழுவது இயல்பே.

அண்மைக் காலத்தில் இவ்வினாவைப் பலர் விடுக்கின்றனர். வெளிநாட்டுப் பூந்தோட்டங்களின் படங்களில், நடைபாதையிலும் செடிகளின் அடியிலும் வெண்சிப்பி பரப்பியிருப்பதைக் கண்டு, அவ்வாறே தம் மிளகாய்த் தோட்டத்திலும் செய்ய விரும்புவோர் உளர். படத்திற் பார்க்க அழகாகவே இருக்கிறது. ஆனால், நடைபாதை வேறு. பயிர் நிற்கும் பாத்தி வேறு. பாதைக்கு ஊரி சிறந்த பொருள். பாத்திக்கு, அதுவும் யாழ்ப்பாணக் குடாநாட்டு மண்ணிலுள்ள பாத்திக்கு, அது வேண்டாத பொருள். இவ்வேறுபாட்டுக்குக் காரணம் ஓட்டிலும் உண்டு, மண்ணிலும் உண்டு.

ஓட்டின் தன்மை

கடல்வாழ் மட்டிகளின் ஓட்டில் நூற்றுக்கு 95 பங்குக்குக் குறையாமற் கல்சியங் காபனேற்றே உள்ளது. சுண்ணக்கல்லும் இதே பொருள்தான். இது தூய நீரிற் கரைவது மிக அரிது. புளிப்புத் தன்மையுள்ள, அதாவது அமிலத்தன்மையுள்ள, மண்ணிலேயே இது மெல்ல மெல்லக் கரைந்து அப்புளிப்பை மாற்றும். புளிப்பில்லாத மண்ணில் முழு ஓடு ஆண்டுக்கணக்காக அப்படியே கிடக்கும். பயிருக்கு வேண்டிய நைதரசனோ, பொசுபரசோ, பொற்றாசியமோ குறிப்பிடத்தக்க அளவில் இதில் இல்லை. ‘சிப்பி மக்கிப் பசளையாகும்’ என்று சிலர் கூறுவதுண்டு. மக்குவதற்கு அதில் ஒன்றுமில்லை.

குடாநாட்டின் அடியிற் கிடப்பது சுண்ணக்கல். அதன்மேல் அமைந்த செம்மண் பெரும்பாலும் நடுநிலையாகவோ, சற்றுக் காரத்தன்மையுடையதாகவோ இருக்கும். நாம் கிணற்றிலிருந்து இறைக்கும் நீரும் சுண்ணாம்பு கலந்த வன்னீரே. கேத்திலின் அடியிற் படியும் வெள்ளைப் படிவைக் கண்டவர்களுக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. ஒவ்வோர் இறைப்பிலும் பாத்திக்குச் சிறிது சுண்ணாம்பு தானாகவே சேர்கிறது. இந்நிலத்துக்கு மேலும் சுண்ணாம்பு சுமந்து செல்வது கடலுக்கு உப்புச் சுமப்பதை ஒக்கும்.

வடமராட்சிக் கரையோரத்தில் ஒரு முதிய கமக்காரர் இது பற்றி என்னோடு வாதித்தார். “தம்பி, ஊரியும் சுண்ணாம்புதானே? சுண்ணாம்பு மண்ணுக்கு நல்லது என்று உங்கள் துண்டுப்பிரசுரத்திலேயே இருக்கிறதே” என்றார். “ஐயா, அது புளித்த மண்ணுக்குச் சொன்னது. உங்கள் மண் புளித்ததா என்று முதலிற் பார்ப்போம்” என்று கூறி, வீட்டிலிருந்து சிறிது வினாகிரி கொண்டுவரச் செய்தேன். பாத்தி மண்ணில் ஒரு கரண்டியளவு எடுத்துப் பீங்கானில் இட்டு, அதன்மேல் வினாகிரியை ஊற்றினோம். மண் சீறி நுரைத்தது. அவர் குனிந்து சிறிது நேரம் பார்த்துவிட்டு, “அப்படியென்றால் என் மண்ணுக்குள்ளேயே ஊரி இருக்கிறது” என்றார். அதற்குமேல் நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

இச்சோதனையை எவரும் செய்யலாம். வினாகிரி இல்லையெனில் தேசிக்காய்ப் புளியும் போதும். மண் உலர்ந்திருத்தல் வேண்டும். நுரை கண்ணுக்குத் தெரியாவிடின், பீங்கானைக் காதருகே பிடித்துச் சீறும் ஒலி கேட்கின்றதா எனக் கவனித்தல் வேண்டும். நுரைத்தால் அம்மண்ணில் ஏலவே சுண்ணாம்பு உண்டு; ஊரியோ சிப்பித்தூளோ அதற்குத் தேவையில்லை. நுரைக்காவிடின் மண் புளிப்பானது என்று உடனே முடிவு செய்தல் கூடாது. நடுநிலையான மண்ணும் நுரைக்காது. அப்போது மண் மாதிரியைப் பரிசோதனைக்கு அனுப்பி, அதன் பீ.எச். அளவை அறிதலே முறை.

பாத்தியில் ஏன் வேண்டா

பாத்தியின்மேல் பரப்பும் மூடுபடையிலிருந்து நாம் எதிர்பார்க்கும் பயன்கள் பல. வெயிலில் ஈரம் வற்றாமற் காத்தல், களையை அடக்கல், மழைத்துளி மண்ணைச் சிதறடிக்காமற் தடுத்தல் என்பன அவற்றுட் சில. இவற்றை ஊரியும் ஓரளவு செய்யும் என்பதை மறுப்பதற்கில்லை. வெண்மையான ஓடு வெயிலைத் திருப்பி எறிவதால், அடியிலுள்ள மண்ணின் சூடும் சிறிது குறையும். ஆயினும், வைக்கோலும் சருகும் குழையும் செய்கின்ற தலையாய வேலையை ஊரி செய்யாது. அவை ஓராண்டுக்குள் மக்கி, மண்ணோடு மண்ணாகிச் சேதனப் பொருளைக் கூட்டுகின்றன. நம் செம்மண்ணுக்கும் கரையோர மணலுக்கும் உள்ள பெருங்குறை சேதனப் பொருட் குறைவேயாகும். அதனாலேதான் இறைத்த நீரும் இட்ட பசளையும் அவற்றில் நிலைப்பதில்லை. வேரைக் கடந்து கீழே செல்லும் பசளை இறுதியிற் சேருமிடம் நாம் குடிக்கும் கிணறு என்பதையும் நினைவிற் கொள்ளல் வேண்டும்.

செலவையும் கணக்கிட்டுப் பார்க்கலாம். ஒரு பரப்புக் காணியில் 2 அங்குலத் தடிப்புக்கு ஊரி பரப்புவதாயின், ஏறக்குறைய நாலரைக் கியூப் வேண்டும். இரண்டடி அகலமும் ஐம்பதடி நீளமுமுள்ள ஒரு பாதைக்கோ, கியூப்பில் ஆறிலொரு பங்கு போதும்.

இட்ட பின்னர் எழும் இடர் இன்னும் பெரிது. வைக்கோல் பிடிக்காவிட்டால் அள்ளி அப்புறப்படுத்தலாம். அல்லது கொத்திப் புரட்டிவிடலாம். ஊரியை அவ்வாறு செய்ய முடியாது. ஒருமுறை மண்வெட்டி போட்டவுடன் அது மண்ணோடு கலந்துவிடும். பின்னர் அரிதட்டிட்டு அரித்தாலன்றிப் பிரியாது. வெங்காயத் தோட்டமொன்றில் இரண்டு பரப்புக்கு உடைந்த சிப்பி பரப்பப்பட்டிருந்ததை நான் பார்த்திருக்கிறேன். முதற் போகத்திற் பெருந்தீங்கு எதுவும் தோன்றவில்லை. அடுத்த போகத்துக்குக் கொத்தியபோது ஓடுகள் மண்ணுள் இறங்கின. களை பிடுங்க வந்த பெண்களின் விரல்களைச் சிப்பியின் விளிம்பு வெட்டியது. இரண்டாம் நாள் அவர்கள் வரவில்லை. கூலி கூட்டிக் கொடுத்தும் எவரும் இசையவில்லை. வெங்காயம் கையாற் களை எடுத்துக் கையாற் பிடுங்கும் பயிர். கை வைக்க முடியாத மண்ணில் அதனைச் செய்கைபண்ணுவது எங்ஙனம்? அந்த இரண்டு பரப்பும் இப்பொழுது வாழை நிற்கும் நிலமாக மாறிவிட்டது. வாழை நல்ல பயிரே எனினும், அக்குடும்பத்துக்கு அந்நிலத்தில் வேண்டியிருந்தது வெங்காயம்.

ஓடுகள் நொறுங்கித் தூளாகும்போது மற்றோர் இடரும் உண்டு. நுண்ணிய சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் இரும்பும் நாகமும் பயிரின் வேருக்கு எட்டாத வடிவத்தை அடைகின்றன. இரும்புக் குறைபாட்டில் இளந்தளிர் மஞ்சளாகி, நரம்புகள் மாத்திரம் பச்சையாக நிற்கும். தேசி, தோடை முதலிய மரங்களிலும் நிலக்கடலையிலும் இது தெளிவாகத் தெரியும். நைதரசன் குறைந்தால் முதிர்ந்த இலையே முதலில் வெளிறும். இரும்பு குறைந்தாலோ தளிர் முதலில் வெளிறும். இவ்வேறுபாட்டை அறியாது, மஞ்சளைக் கண்டவுடன் யூரியாவை அள்ளி எறிவதால் ஆகும் பயன் ஒன்றுமில்லை. காரத்தன்மையுள்ள மண்ணின் மேற்பரப்பில் எறிந்த யூரியாவின் ஒரு பகுதி அமோனியா வாயுவாகக் காற்றோடு போய்விடும்.

எனவே பாத்திக்கு நம் முன்னோர் கைக்கொண்ட பொருள்களே தக்கவை. பூவரசங் குழை, கிளிசிறிடியாக் குழை, சணல், பழைய பனையோலை, வேலியிற் கழித்த கிடுகு, வைக்கோல் ஆகியவற்றில் எது கிடைக்கின்றதோ அதனை இடலாம். குழை தாழ்த்தலும் ஓலை தாழ்த்தலும் நம் நிலத்தின் குறையை அறிந்தோர் கண்ட முறைகள். கூலி மிகுந்த இக்காலத்தில் தாழ்ப்பதற்கு ஆள் இல்லையெனில், அவற்றைச் செடிகளுக்கிடையே மேலாகப் பரப்பிவிட்டாலும் பயனுண்டு. செடியின் தண்டை ஒட்டாமல் நாலு விரல் இடைவெளி விடுதல் வேண்டும். ஒட்டிக் கிடந்தால் தண்டு அழுகுவதற்கும் கறையான் ஏறுவதற்கும் இடமாகும்.

இவ்விதிக்கு ஒரு புறநடை உண்டு. கற்றாழை, நாகதாளி போன்று கழுத்தில் ஈரம் நிற்பதை விரும்பாத செடிகளைத் தொட்டியில் வைத்திருப்போர், தொட்டியின் மேற்பரப்பில் ஊரி இடலாம். அது அழகுக்கும் உதவும்; வேண்டாதபோது அள்ளி எடுப்பதும் எளிது.

வயலைப் பற்றி விரித்துக் கூற வேண்டியதில்லை. நீர் நிற்கும் வயலில் மண்ணின் புளிப்புத் தானாகவே குறைந்து நடுநிலையை நெருங்கும். வெறுங்காலுடன் சேற்றில் இறங்கும் தொழிலில், சிப்பிக்கு வயலில் இடமில்லை. வரம்பிலும் இட வேண்டா. அது சரிந்து உள்ளே விழும்.

பாதை அமைத்தல்

ஊரி தன் முழுப் பயனையும் தருவது பாதையிலே. மாரியில் கிணற்றடிக்கும் தோட்டத்துக்கும் இடையே சேறு மிதித்து நடக்கும் துன்பம் யாவரும் அறிந்தது. செம்மண் ஈரமானால் வழுக்கும்; காலிலும் ஒட்டும். சேறு படிந்த காலுடன் ஒரு பாத்தியிலிருந்து மற்றொன்றுக்குச் செல்லும்போது, மண்ணிலுள்ள நோய்க்கிருமிகளையும் நாம் காவிச் செல்கிறோம். ஊரி பரப்பிய பாதையில் நீர் தேங்காது, கால் சுத்தமாக இருக்கும், களையும் குறையும். கூரைத் தாழ்வாரத்தின் கீழ், மழைநீர் விழுந்து மண்ணைக் கிண்டும் இடத்திலும் இதனை இடலாம். அங்கே அது சுவரில் மண் தெறிப்பதையும் தடுக்கும்.

முதலில் உப்பைப் போக்க வேண்டும். கடற்கரையிலிருந்து வந்த ஓட்டை அவ்வாறே பாதையில் இட்டால், முதல் மழையில் அதன் உப்பு அருகிலுள்ள பாத்திக்குள் இறங்கும். ஒரு மாரி முழுவதும் வெளியிற் குவித்து வைத்தலே செலவில்லாத வழி. வடக்கில் ஆண்டு மழையின் பெரும்பகுதி ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்வதால், ஆவணியிற் குவித்தது தைக்குள் கழுவப்பட்டுவிடும். காத்திருக்க இயலாதவர்கள் கடகத்தில் இட்டு மூன்று முறை நீரூற்றிக் கழுவி, கடைசியாக வடியும் நீரை நாவில் வைத்துப் பார்க்கலாம். உவர்ப்பு இல்லையெனில் போதும். குவியலைக் கிணற்றின் அருகில் வைத்தல் ஒருபோதும் ஆகாது. நம் சுண்ணக்கல்லில் வெடிப்புகள் மிகுதி. மேலே வடிந்த உப்புநீர் விரைவிற் கிணற்றைச் சேர்ந்துவிடும். கோடையில் ஏலவே உவராகும் கிணறுகள் பலவாக இருக்கையில், நாமே அதற்குத் துணைபோகலாகாது.

அடுத்து, தெரிந்தெடுத்தல். சிறிய ஊரியும் தட்டையான மட்டி ஓடும் நடக்க ஏற்றவை. கூரிய விளிம்புள்ள சிப்பியை அப்படியே இடாது, சாக்கிலிட்டு உலக்கையால் இடித்து நொறுக்கி, அடிப்படையாக மாத்திரம் பயன்படுத்தல் வேண்டும். குழிந்த பெரிய ஓடுகளையும் சங்குகளையும் கட்டாயமாக உடைத்தல் வேண்டும். அவை வாய் மேலாகக் கிடந்தால் மழைநீரைத் தேக்கி வைக்கும். தெங்கஞ் சிரட்டையிற் பெருகும் டெங்கு நுளம்பு இவற்றிலும் பெருகும். பாதைக்காக இட்ட பொருள் வீட்டாருக்குக் காய்ச்சலைக் கொண்டுவருதல் ஆகாது.

பாதையின் நிலத்தை 4 அங்குல ஆழத்துக்கு வெட்டி எடுக்க வேண்டும். எடுத்த மேல்மண்ணை வீணாக்காது பாத்தியிற் சேர்க்கலாம். கோரையும் அறுகும் இருந்தால் கிழங்கோடும் வேரோடும் அகற்றாமல் மேற்செல்லலாகாது. கோரை ஊரியை மட்டுமன்று, அதன் கீழிடும் சாக்கையும் துளைத்து வரும். நடு சற்று உயர்ந்தும் இரு ஓரமும் தாழ்ந்தும் நிலத்தை இறுக்கி, அதன்மேல் பழைய சணற்சாக்கையோ இரண்டு மடிப்புப் பனையோலையையோ விரிக்கலாம். பொலித்தீன் விரித்தல் நன்றன்று. நீர் இறங்காது வழிந்து பாத்திக்குப் போகும், நாளடைவில் அது கிழிந்து துண்டு துண்டாக மண்ணிற் சேரும். சாக்கின்மேல் 2 அங்குலத்துக்கு நொறுக்கிய சிப்பியையோ சுண்ணக்கற் சல்லியையோ இட்டு, நீர் தெளித்துத் திமிசால் அடித்து இறுக்க வேண்டும். ஓரளவு கிறவலும் கலந்தால் இறுக்கம் கூடும். இதற்குமேல் 2 அங்குலத்துக்கு ஊரியைப் பரப்பினால் பாதை முடிந்தது. மேற்படையைத் தடிப்பாக இட்டால் உறுதி கூடுமென எண்ணுவது தவறு. தடித்த ஊரியிற் கால் புதையும்; கைவண்டிச் சில்லும் ஓடாது.

பாதையின் இரு ஓரத்திலும் தடுப்பு இன்றியமையாதது. பனங்குற்றி, சுண்ணக்கல், பழைய ஓடு எதுவாயினும், ஊரி மட்டத்துக்கு இரண்டு விரல் உயர்ந்து நிற்றல் வேண்டும். தடுப்பில்லாத பாதையிலிருந்து ஊரி ஒவ்வொரு மாரியிலும் சிறிது சிறிதாகப் பாத்திக்குள் நகரும். அதன் விளைவை மேலே கண்டோம். ஆண்டுக்கொருமுறை, மாரிக்கு முன், வாரியால் மட்டஞ் செய்து, குறைந்த இடத்தில் ஒன்றிரண்டு கடகம் புதிதாக இட்டால் போதும்.

எங்கே பெறுவது

கடற்கரையிற் கிடப்பது பொதுப்பொருள்தானே என்று வண்டிகொண்டு அள்ளுதல் சட்டத்துக்கு ஒவ்வாது. 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கக் கரையோரப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, சராசரி உயர்நீர் மட்டக் கோட்டிலிருந்து தரைப்பக்கமாக 300 மீற்றரும், தாழ்நீர் மட்டக் கோட்டிலிருந்து கடற்பக்கமாக 2 கிலோமீற்றரும் கரையோர வலயமாகும். அதனுள் மணல், சிப்பி முதலியவற்றை அகற்றுவதற்கு அனுமதிப்பத்திரம் வேண்டும். பவளக்கல் அகழ்வு 1988ஆம் ஆண்டுத் திருத்தத்தால் அவ்வலயத்தில் தடைசெய்யப்பட்டது. இது வீண் கட்டுப்பாடன்று. சுண்ணாம்புக்காகப் பவளப்பார் அகழப்பட்ட தென்மேற்குக் கரையில் அலையின் வேகத்தைத் தடுப்பாரின்றி நிலம் அரிக்கப்பட்டது. கரையில் வெறுமையாகக் கிடக்கும் ஊரியும் ‘முனிவன் நண்டு’ எனப்படும் சிறு நண்டுக்கு வீடாக உதவுகிறது.

ஆகவே மட்டி சமைக்கும் வீடுகளிலும் உணவுச் சாலைகளிலும் கழிக்கும் ஓடுகளையும், வீடு கட்டும்போது நிலத்தினுள்ளிருந்து வெளிப்படும் ஊரியையும் சேர்த்து வைப்பதே நேரிய வழி. சமைத்துக் கழித்த ஓட்டில் இறைச்சி ஒட்டியிருந்தால் நாயும் காகமும் கிளறும். சில கிழமை மண்ணில் புதைத்து வைத்து எடுத்தால் ஓடு சுத்தமாகிவிடும்.

புளித்த மண்ணுள்ளோருக்கு

மேலே கூறியவை குடாநாட்டுக்கும் சுண்ணாம்பு மிகுந்த கரையோரத்துக்கும் உரியன. நுவரெலியாவிலும் அதனையொட்டிய மலைப்பகுதிகளிலும் கோவா, லீக்ஸ், கரற், உருளைக்கிழங்கு செய்வோரின் நிலை முற்றிலும் வேறு. அங்கே மிகுந்த மழை கல்சியத்தைக் கழுவிச் சென்றுவிட்டதால் மண் புளிப்பாக உள்ளது. கோவாவின் வேர்கள் கழலைபோல் வீங்கிச் செடி வாடும் நோய் புளித்த மண்ணிலேயே மிகும்; சுண்ணாம்பிட்டுப் பீ.எச். அளவை 7க்குச் சற்று மேலாக உயர்த்தினால் அது அடங்கும். ஆனால், அடுத்த போகத்தில் உருளைக்கிழங்கு நடுவோர் அவ்வளவுக்கு உயர்த்தலாகாது. கிழங்கிற் சொறிநோய் கூடும்.

இம்மண்ணுக்குச் சிப்பி பயன்படும். எனினும் முழு ஓடாக அன்று. 2 மில்லிமீற்றரிலும் பருத்த துண்டு அண்மைய போகங்களுக்கு உதவாது. மாவாக அரைத்த தூளே சில மாதங்களில் வேலை செய்யும். சுட்டால் வேகம் இன்னும் கூடும்: 100 கிலோ சுத்தமான கல்சியங் காபனேற்றைச் சுட்டால் 56 கிலோ சுட்ட சுண்ணாம்பும், அதற்கு நீரிட்டால் 74 கிலோ நீறிய சுண்ணாம்பும் கிடைக்கும். இவ்விரண்டும் கண்ணையும் தோலையும் புண்ணாக்குவன, கவனம் வேண்டும். மலைநாட்டார் கரையிலிருந்து சிப்பித்தூளைத் தருவிப்பதிலும் மாத்தளை, கண்டிப் பகுதிகளிற் கிடைக்கும் தொலமைற்றை இடுவது இலாபகரமானது என்பது என் கருத்து. சிப்பியில் மிக அரிதாகவுள்ள மகனீசியமும் அதனாற் கிடைக்கும். எதனை இடினும் நடுகைக்குச் சில கிழமைகளுக்கு முன்னரே மண்ணிற் கலத்தல் வேண்டும். அமோனியம் சல்பேற்றுடன் சேர்த்து இடுதல் கூடாது. நைதரசன் வாயுவாகப் போய்விடும்.

கோழிக்கு

பாதைக்கு இட்டது போக மிஞ்சிய ஓட்டுக்கு இன்னுமோர் இடம் உண்டு. முட்டையிடும் கோழிக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 4 கிராம் கல்சியம் தேவை; ஒரு முட்டையின் கோதில் மாத்திரம் 2 கிராம் அளவு சேர்கிறது. தீனியில் இது குறைந்தால் கோது மெலிந்து, கூட்டிலேயே முட்டை உடையும். கழுவி உலர்த்திய சிப்பியை அரிசிக் குறுணல் அளவுக்கு இடித்து, தீனியோடு கலக்காமல் வேறொரு சிரட்டையில் வைத்தால், வேண்டிய கோழி வேண்டிய அளவு கொத்திக்கொள்ளும். குஞ்சுகளுக்கு இதனை வைத்தல் கூடாது. மிகுந்த கல்சியம் அவற்றின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். முட்டைக் கோழியின் எருவிலும் சுண்ணாம்பு கூடுதலாக இருக்கும். ஆதலால் குடாநாட்டார் அதனைக் கத்தரி, மிளகாய்ப் பாத்திக்கு நேராக இடாது, குழையுடனும் சருகுடனும் சேர்த்துக் கும்பியில் மக்கவிட்டே இடுதல் வேண்டும்.